நல்லூரணி விக்கிய வருஷம்

எங்கள் ஊருக்கு விக்கல் வந்ததற்குக் காரணம் அந்தப் படம்தான் என்று சிலரும், அதே வாரம் பஞ்சாயத்துத் தண்ணீர்த் தொட்டியைக் கழுவினதுதான் என்று சிலரும், மூன்று வருஷமாகக் கோயில் கொடைத் திருவிழா நின்றுபோனதில் அம்மனுக்கு வந்த கோபம் என்று சிலரும் இன்றைக்கும் சொல்வார்கள், யாரையும் மறுத்துப் பேச எனக்குத் தெம்பில்லை, ஆனால் மின்னல்கொடி தியேட்டரில் அந்தப் படத்தின் முதல் மதியக் காட்சி இடைவேளைக்கு விட்டபோது, கையில் பாதி கடித்த முட்டை போண்டாவோடு வெளியே வந்த தபால்கார அமலியக்காவுக்கு வந்ததுதான் முதல் விக்கல் என்பதை, கேட்டில் நின்று டிக்கெட் கிழிக்கிற நான் என் கண்ணால் பார்த்தேன்.

படத்தின் பெயர் 'சொல்லாட்டி என்ன'. பொங்கலுக்கு வந்த பெரிய படத்தைப் பக்கத்து டவுனில் புதிதாகக் கட்டிய ஏ.சி. தியேட்டருக்குத்தான் தருவோம் என்று விநியோகஸ்தர் சொல்லிவிட, தியேட்டர் முதலாளி பொன்பாண்டி அண்ணாச்சி ரோஷப்பட்டு, ஆளில்லாமல் கிடந்த இந்தப் படத்தை ஒரு வாரத்துக்கு எடுத்துக்கொண்டு வந்தார். சென்னையில் ஒரே அறையில் தங்கியிருக்கும் இரண்டு பையன்கள், நந்தன், பிரகலாத். நந்தனுக்குப் பிரகலாத் மேல் காதல், பிரகலாத்துக்கோ தெருவில் போகிற பெண்கள் எல்லார் மேலும் காதல். ஒவ்வொரு பெண்ணையும் பார்க்கப் போகும்போது பிரகலாத்தின் சட்டையை இஸ்திரி போட்டுக் கொடுப்பவன் நந்தன், என்ன பேச வேண்டும் என்று சொல்லிக் கொடுப்பவன் நந்தன், அவன் அடி வாங்கிக்கொண்டு வந்தால் மஞ்சள் அரைத்துப் பற்றுப் போடுபவனும் நந்தன். தூங்குகிறவனின் தலைமாட்டில் உட்கார்ந்து ஒரே ஒரு தடவை தன் மனசைச் சொல்கிறான், அவன் குறட்டை விடுகிறான். படத்தில் யாரும் சாகவில்லை, யாரும் திருந்தவும் இல்லை, இருந்தும் சிரித்துச் சிரித்துப் புரண்டது எங்கள் ஊர்.

இதில் ஒரு விஷயம் சொல்லியாக வேண்டும். நந்தன் வாய் திறந்து 'காதல்' என்று சொன்ன பிறகும், தூங்குகிறவன் நெற்றியில் முத்தம் கொடுத்த பிறகும், நல்லூரணியில் இருந்த ஒருத்தருக்கும் அது காதல் படம் என்று தோன்றவில்லை. ஆட்டோ ஸ்டாண்டு கிட்டப்பா தன் கைக்காசில் 'நட்பு என்றால் இதுதான்' என்று பேனர் அடித்துத் தியேட்டர் வாசலில் கட்டினார். அந்த முத்தத்துக்கு விசில் பறந்தது, கற்பூரம் கொளுத்தினார்கள், நண்பனுக்காக உயிரைக் கொடுப்போம் என்று பையன்கள் தோளில் கை போட்டுக்கொண்டு அழுதார்கள். ஊரே ஒரு படத்தைப் பார்க்க, திரையில் வேறொரு படம் ஓடியது. ஒரு வாரத்துக்கு வந்த படம் மாசக்கணக்கில் ஓடியது.

விக்கலுக்கு வருவோம். யாராவது நினைத்தால் விக்கல் வரும், நினைக்கிறவர் பெயரைச் சொன்னால் நின்றுவிடும் என்பது பிள்ளைகளுக்கும் தெரிந்த பேச்சுதான், ஆனால் அது பேச்சாக இருந்த வரைக்கும் பிரச்சினை இல்லை. அமலியக்காவுக்குச் சர்க்கரை கொடுத்துப் பார்த்தார்கள், மூச்சைப் பிடிக்கச் சொன்னார்கள், 'என்னத்தட்டி திருடித் தின்ன' என்று திடுக்கிடும்படி அதட்டிப் பார்த்தார்கள், ஒன்றுக்கும் மசியவில்லை. கடைசியில் அவள் சலித்துப்போய், தெரிந்த பெயர்களை எல்லாம் தெரு வரிசைப்படி சொல்லிக்கொண்டே வந்து, சைக்கிள் கடை லாசர் என்று சொன்னதும் பொசுக்கென்று நின்றது. அப்போதுதான் ஊருக்கு உறைத்தது, இத்தனை வருஷமாக அமலியக்கா சைக்கிளில் மட்டும் காற்று இறங்கினதே கிடையாது.

அப்புறம் வீட்டுக்கு வீடு விக்கல். இரண்டு பக்கமும் ஒட்டிக்கொண்ட காதலுக்கு விக்கல் வரவில்லை, கட்டின புருஷன் நினைத்தாலும் பெண்டாட்டி நினைத்தாலும் வரவில்லை, ஒருதலையாக ஒருத்தர் உருகினால் மட்டும், உருக்குகிறவருக்கு வந்தது, அவர் வாயாலேயே சரியான பெயரைச் சொன்னால் ஒரேயடியாக நின்றது. ஒரு மாசத்துக்குள் ஊர் அதைச் சளி காய்ச்சல் போல ஏற்றுக்கொண்டது. பஞ்சாயத்துத் தலைவருக்கு விக்கல் வந்தபோது, அவர் பெண்டாட்டி பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டதால் அவரால் எந்தப் பெயரையும் சொல்ல முடியாமல் ரெண்டு கூட்டம் வீணாகப் போனது. பெண் பார்க்க வருகிறவர்கள் பொண்ணுக்கு விக்கல் உண்டா என்று கேட்டார்கள், உண்டு என்றாலும் முகம் சுளித்தார்கள், இல்லை என்றாலும் அப்படியென்ன ஒருத்தன்கூடவா நினைக்கவில்லை என்று முகம் சுளித்தார்கள். விக்கல் வராத பெண்கள் சிலர் வாசலில் நின்று பொய்யாக விக்கினார்கள். கன்னத்தில் அறை வாங்கியவர்களும் உண்டு, கல்யாணம் ஆனவர்களும் உண்டு. ஊருக்கே மடியில் கனம், ஆனாலும் படத்துக்குப் போவதை ஒருத்தரும் நிறுத்தவில்லை.

தளவாய்க்கும் அந்த முதல் காட்சியிலேயே, இடைவேளைக்குப் பிறகு விக்கல் வந்துவிட்டது. தளவாய் மைக் செட் போடுகிறவன், கோயில் கொடை, காதுகுத்து, கட்சிக் கூட்டம், எதுவானாலும் மரத்தில் ஏறி ஒலிபெருக்கிக் குழாய் கட்டுகிறவன் அவன்தான். ஆள் பார்க்க அம்சமாக இருப்பான், சிரித்தால் இன்னும். அவனோடு ஒண்ணாம் வகுப்பிலிருந்து ஒட்டிக்கொண்டு திரிகிறவன் சங்கிலி, நூல் மில்லில் ராத்திரி ஷிப்ட் பார்க்கிறவன், பகலில் தூங்கி எழுந்ததும் சாயங்காலம் தளவாய் கடையில்தான் கிடப்பான். அன்றைக்கு இருவரும் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து படம் பார்த்தார்கள். தளவாய் தொடையில் தட்டித் தட்டிச் சிரித்தான். சங்கிலிக்கு ஒரு இடத்திலும் சிரிப்பு வரவில்லை, அந்தத் தியேட்டரிலேயே என்ன படம் ஓடுகிறது என்று தெரிந்த ஒரே ஆள் அவன்தான், திரையில் நந்தன் சட்டைக்கு இஸ்திரி போடுவதைப் பார்த்துவிட்டுத் திரும்பித் தளவாயின் சட்டையைப் பார்த்தான். அப்போதுதான் பக்கத்தில் தளவாய் விக்கினான்.

தளவாயின் விக்கல் லேசுப்பட்ட விக்கல் இல்லை. மைக்கைப் பிடித்து 'ஹலோ, சோதனை' என்றால் அதற்கு நடுவில் ஒரு விக்கல், அது நாலு தெருவுக்கும் குழாய் வழியாகக் கேட்கும். மற்றவர்களுக்கு நேரங்கெட்ட நேரத்தில் வந்து போனதென்றால் இவனுக்கு ஒரு கணக்கு இருந்தது. சாயங்காலம் தொடங்கி விடிய விடிய விக்கும், காலையில் நின்றுவிடும், மறுபடி சாயங்காலம் வரைக்கும் ஆள் நன்றாக இருப்பான். இதைக் கவனித்தது சமூகப்பாடம் எடுக்கும் சவுந்தரம் டீச்சர். அவர் பள்ளிக்கூடத்து உலக உருண்டையைக் கடைக்கே கொண்டுவந்து, டார்ச் லைட் அடித்து, இங்கே ராத்திரி என்றால் அங்கே பகல் என்று காட்டி, தளவாயை நினைக்கிற பெண் அமெரிக்காவில் முழித்திருக்கிறாள், இங்கே பகலாகும்போது அங்கே தூங்குகிறாள் என்று நிரூபித்துவிட்டார். ஊருக்குத் தலைகால் புரியவில்லை. வாரத்தில் ஒரு நாள் ராத்திரி மட்டும் விக்கல் வராது, அது மில்லுக்கு வார விடுமுறை என்று எவனுக்கும் தோன்றவில்லை, அங்கே லீவு நாளில் துணி துவைக்கவே நேரம் சரியாக இருக்கும் என்று நாங்களே காரணமும் சொல்லிக்கொண்டோம்.

ஒவ்வொரு சாயங்காலமும் கடை வாசலில் கூட்டம் கூடியது. ஆளுக்கொரு பெயர் எடுத்துக் கொடுப்பார்கள், தளவாய் அதைச் சொல்வான், விக்குவான், அடுத்த பெயர். முதலில் உள்ளூர்ப் பெண்கள், பிறகு கூடப் படித்தவர்கள், பிறகு மைக் செட் போடப் போன ஊர்களில் தண்ணீர் கொடுத்தவர்கள், பிறகு டீச்சர் சொல்லிக் கொடுத்த மேரி, ஜெனிபர், கேத்தரின், பிறகு செத்துப்போனவர்கள், கடைசியில் அம்மன் பெயர்கள். சங்கிலியும் அந்தக் கூட்டத்தில் நின்றான், சந்தேகம் வரக்கூடாதே என்று அவனும் ரெண்டு பெண்கள் பெயரை எடுத்துக் கொடுத்தான். ஆண் பெயர் ஒன்றைச் சொல்லிப் பார்க்கலாமே என்று அத்தனை பேரில் ஒருத்தருக்கும் தோன்றவில்லை, எனக்கும்தான்.

இதெல்லாம் கொஞ்ச நாளைக்கு வேடிக்கையாக இருந்தது. ஆனால் ராத்திரி தூக்கமில்லை, வாயில் வைத்த சோறு இறங்கவில்லை, தளவாய் வற்றிப்போனான். ஆஸ்பத்திரியில் ஊசி போட்டார்கள், கேட்கவில்லை. வைகாசியில் அவனுக்கும் ஆவுடைச்செல்விக்கும் கல்யாணம் என்று பேசி முடித்திருந்தது, அந்தப் பெண்ணின் அப்பா வந்து பார்த்துவிட்டு, பெயர் தெரிந்து விக்கல் நின்றால் கல்யாணம், இல்லாவிட்டால் தாம்பூலத்தைத் திருப்பிவிடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்.

சங்கிலிக்கு நெஞ்சு கொதித்தது. தன் ஆசை தன்னோடு கிடந்த வரைக்கும் அது அவன் பாடு, இப்போது அது போய் ஒருத்தன் தொண்டையில் உட்கார்ந்துகொண்டு அவனைத் தின்கிறது. நினைப்பதை நிறுத்த வேண்டும் என்று முடிவு கட்டினான். தளவாயிடம் உள்ள குறைகளை எல்லாம் ஒவ்வொன்றாக எடுத்து வைத்துப் பார்த்தான், தீக்குச்சியால் பல் குத்துவான், வாங்கின சட்டையைத் திருப்பித் தரமாட்டான், பாடத் தெரியாது ஆனால் மைக் கிடைத்தால் பாடுவான், அடுத்தவன் பேசும்போது பாதியில் கொட்டாவி விடுவான். அன்றைக்கு ராத்திரி தளவாய்க்கு விக்கல் இரட்டிப்பாக வந்தது. குறையை நினைத்தாலும் நினைப்பு நினைப்புதானே. பிறகு ரெட்டை ஷிப்ட் பார்த்தான், தளவாய் பகலிலும் விக்கினான், அமெரிக்காவில் அவளுக்குத் தூக்கமில்லை போல என்று ஊர் பரிதாபப்பட்டது. கோயிலைச் சுற்றினான், கிணற்றில் குதித்து நீந்தினான், உட்கார்ந்த இடத்தில் இருப்புக் கொள்ளாமல் நாலு தெருவையும் அளந்துகொண்டே திரிந்தான். நடுவில் நடுவில் தியேட்டருக்கு வந்து டிக்கெட் வாங்காமலே நுழைவான், நான் கேட்க மாட்டேன், நந்தனுக்காக ஊரே மூக்கைச் சிந்தி அழுவதை இருட்டில் நின்று பார்த்துவிட்டுப் போவான். திரையில் இருக்கிறவனுக்காக இப்படி அழுகிறார்களே, பக்கத்தில் நிற்கிறவனைத் தெரியவில்லையே என்று அவனுக்குக் கோபமாக வரும் என்று பிறகு என்னிடம் சொன்னான்.

கடைசியாக, கண்காணாமல் போய்விட்டால் மனசு ஆறும் என்று திருப்பூருக்குப் போகப் பையைக் கட்டினான். யாரிடமும் சொல்லவில்லை. பஸ் ஸ்டாண்டில் பஸ்ஸுக்கு நின்றபோது, எதிர்ப்பக்கம் வந்து நின்ற பஸ்ஸிலிருந்து ஆவுடைச்செல்வி இறங்கினாள். கட்டிக்கப் போகிறவனைப் பார்க்க அப்பாவுக்குத் தெரியாமல் ரெண்டு மூன்று தடவை வந்து போயிருக்கிறாள், வாய் பேசாமல் ஆளை அளக்கிற பெண். நேராகச் சங்கிலியிடம் வந்தாள்.

"எங்க அண்ணே, பையும் கையுமா?"

வேலைக்கு என்றான்.

"நீங்க எங்க போனாலும் அவுகளுக்கு விக்கத்தான செய்யும்" என்றாள் அவள்.

சங்கிலி பையைப் பெஞ்சில் வைத்தான். அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, ஏதோ காய்கறி விலை சொல்வது போலச் சொன்னாள்: போன தடவை வந்தபோது உங்க கூட்டாளி பெயர் என்ன என்று தளவாயிடம் கேட்டாளாம். அவன் விக்கினானே தவிரப் பெயரைச் சொல்லவில்லையாம். வேறு விதமாகக் கேட்டும் சொல்லவில்லை. பிறகு கவனித்தாள், ஊரில் உள்ள பெயரை எல்லாம் சொல்கிறவன், பக்கத்திலேயே நிற்கிறவனை மட்டும் 'ஏல', 'மக்கா' என்றே கூப்பிடுகிறான், இந்த விக்கல் வந்த நாளிலிருந்து அந்தப் பெயர் அவன் வாயில் வரவே இல்லை.

"அவுகளுக்குத் தெரியும் அண்ணே. மொத நாளே தெரியும்."

திருப்பூர் பஸ் வந்து நின்று, ஆள் ஏற்றிக்கொண்டு போனது. சங்கிலி பையைப் பஸ் ஸ்டாண்டு பெஞ்சிலேயே போட்டுவிட்டு நடந்தான், நடந்தது ஓட்டமானது.

அப்போது கடை வாசலில் வழக்கம்போலக் கூட்டம். மறுநாள் கட்சிக் கூட்டத்துக்காகக் குழாய்களை வரிசையாகக் கட்டிவைத்துச் சோதனை பார்த்துக்கொண்டிருந்தான் தளவாய், மைக் போட்டபடியே இருந்தது. சங்கிலி வந்து எதிரே நின்றான். மைக் போட்டிருப்பது அவனுக்கும் தெரியும், அணைக்கவில்லை. அதனால் இனி நான் சொல்லப்போகும் பேச்சு நாலு தெருவுக்கும், தியேட்டர் வாசலுக்கும், ஊரணிக் கரையில் துணி துவைத்தவர்களுக்கும் ஒன்றுபோலக் கேட்டது.

"என் பேரச் சொல்லுல" என்றான் சங்கிலி.

தளவாய் ஒரு விக்கல் விக்கினான். அப்புறம் மெதுவாக, "போல, போய் டீ குடிச்சிட்டு வா" என்றான்.

"சோறு எறங்கலை உனக்கு. எலும்பும் தோலுமா நிக்க. பேரச் சொல்லு."

"சொன்னா நின்னுரும்ல. ஊருக்குத் தெரிஞ்சிரும். அப்பொறம் நீ எங்க போவ?"

"அது என் பாடு."

தளவாய் கண்ணைத் துடைத்துக்கொண்டான். விக்கலில் கண்ணீர் வருவது சாதாரணம்தான், ஆனால் அவன் துடைத்த விதம் விக்கலுக்குத் துடைக்கிற விதமாக இல்லை.

"எனக்கு உன் மேல அது இல்லல, மக்கா" என்றான். "நானும் உள்ள தேடித் தேடிப் பாத்துட்டேன். இருந்தா குடுத்துருப்பேன். இல்ல. நீ நெனைக்கது எனக்கு வந்துக்கிட்டு இருந்துச்சு, அத வாங்கிக்கவாவது செய்வோம்னுதான் இருந்தேன். நின்னுட்டா, நீ நெனைக்கது எனக்குத் தெரியாமப் போயிரும்லா."

இத்தனை வருஷத்தில் இதைவிடப் பெரிதாக எதையும் யாரும் சங்கிலிக்குக் கொடுத்ததில்லை, ஆனால் அவன் கேட்டது இது இல்லை, கேட்டது கிடைக்கப்போவதும் இல்லை என்று இப்போது சந்தேகமில்லாமல் தெரிந்துவிட்டது.

"தெரியாட்டிப் போகட்டும். நீ சாப்பிடணும்" என்றான். "சொல்லுல."

"சங்கிலி" என்றான் தளவாய்.

நின்றுவிட்டது. குழாய்களில் வெறும் இரைச்சல் மட்டும் கேட்டது. அடுத்த விக்கல் வரும் என்று நாங்கள் எல்லாரும் வாயைப் பிளந்துகொண்டு காத்திருந்தோம், வரவில்லை. சவுந்தரம் டீச்சர் உலக உருண்டையைக் கையில் வைத்தபடி கீழே பார்த்தார்.

அந்த அமைதி யாருக்கும் தாங்கவில்லை. ஆட்டோ ஸ்டாண்டு கிட்டப்பாதான் முதலில் கையைத் தட்டினார். இதுதான்யா நட்பு, படத்தில் பார்த்ததை நேரில் பார்க்கிறோம் என்று அவர் சொல்ல, தப்பிக்க வழி கிடைத்த சந்தோஷத்தில் கூட்டம் முழுக்கக் கை தட்டியது, நானும் தட்டினேன். நட்பு, நட்பு என்று தெரு தெருவாகச் சத்தம் போனது. சங்கிலி சும்மா நின்றிருந்தால் போதும், ஊரே அவனைத் தோளில் தூக்கி வைத்து ஊர்வலம் போயிருக்கும், மறுநாள் அவனுக்கும் ஒரு பேனர் கட்டியிருக்கும், வாழ்நாள் முழுக்க அந்த நிழலில் அவன் பத்திரமாக இருந்திருப்பான். அவன் மைக்கைக் கையில் எடுத்தான்.

"நட்பு அவன்தான் வச்சிருந்தான்" என்றான். "நான் வச்சிருந்தது காதல்."

மைக்கை அணைத்து வைத்துவிட்டு, மில்லுக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லிப் போனான்.

அன்றைக்கு ராத்திரிக் காட்சிக்கு வந்த கூட்டத்தைப் போல நான் டிக்கெட் கிழித்த காலத்தில் பார்த்ததில்லை. பலரும் பத்து தடவை பார்த்த படம், வசனம் மனப்பாடம். நந்தன் சட்டைக்கு இஸ்திரி போட்டான். வழக்கமாக அங்கே சிரிப்பு அடங்க நேரமாகும், அன்றைக்கு ஒருத்தர் தொடங்கிப் பாதியில் விட்டார். முத்தம் வந்தது, விசில் வரவில்லை, சிலர் எழுந்து போய்விட்டார்கள், போனவர்கள் வாசலில் நின்று பீடி குடித்துவிட்டு மறுபடி உள்ளே வந்தார்கள். அதுதான் நல்லூரணியில் அந்தப் படத்துக்கு முதல் காட்சி.

எங்கள் ஊர் திருந்திவிட்டது என்று கதை விட மாட்டேன். சங்கிலியின் அம்மா வெகுநாள் அவனோடு பேசாமல் தட்டை மட்டும் முன்னால் தள்ளினாள். மில் பஸ்ஸில் அவன் பக்கத்து இருக்கை கொஞ்ச காலம் காலியாக வந்தது, பிறகு கூட்டம் அதிகமான ஒரு நாள் ஒருத்தன் வேறு வழியில்லாமல் உட்கார்ந்தான், மறுநாளும் உட்கார்ந்தான். கிட்டப்பா ஏணி போட்டு ஏறிப் பேனரில் 'நட்பு' என்ற வார்த்தையை மட்டும் பெயிண்ட் அடித்து மறைத்தார், அந்த இடத்தில் வேறு வார்த்தை எழுத அவருக்குத் தைரியம் வரவில்லை, படம் போகும் வரைக்கும் '... என்றால் இதுதான்' என்றே அது தொங்கியது. மழைக்காலம் வந்தபோது பொன்பாண்டி அண்ணாச்சி வேறு படம் மாற்றினார், விக்கலும் ஊரை விட்டுப் போனது. சங்கிலி எங்கும் போகவில்லை. இன்றைக்கும் அதே ஷிப்ட்தான், சாயங்காலம் தளவாய் கடையில்தான் கிடப்பான், இருவரும் கட்சிக்காரர்கள் பாக்கி வைப்பதைப் பற்றித் திட்டிக்கொண்டிருப்பார்கள்.

தளவாய்க்கும் ஆவுடைச்செல்விக்கும் சொன்னபடி கல்யாணம் நடந்தது, இப்போது ஒரு பெண் குழந்தை. தளவாய் நன்றாகச் சாப்பிட்டு உடம்பு தேறிவிட்டான், அவளோடு சந்தோஷமாகத்தான் இருக்கிறான். ஆவுடைச்செல்விதான் ஒரு தடவை என் பெண்டாட்டியிடம் சொன்னாளாம். சில நாள் ராத்திரி அவன் எழுந்து அடுப்படிக்குப் போவானாம். வறுத்த மாவைத் தண்ணீர் இல்லாமல் ஒரு கை அள்ளி வாயில் போட்டுக்கொண்டு, தொண்டையை அடைத்து விக்கல் வருகிற வரைக்கும் உட்கார்ந்திருப்பானாம். வந்ததும் சங்கிலி பெயரைச் சொல்வானாம். வெறும் மாவு விக்கல்தானே, பெயருக்கு நிற்பதில்லை. தானாக அடங்குகிற வரைக்கும் சொல்லிக்கொண்டே இருப்பானாம், அதுவரைக்கும் அவள் தண்ணீர்ச் செம்பைக் கையில் வைத்துக்கொண்டு, கொடுக்காமல் நிற்பாளாம்.